மெத்தென்று இருந்தால் மட்டும் போதுமா? குட்டிகளின் பந்துக்கு ஒரு பரிசோதனை!

மே மாத விடுமுறை. மாலை ஐந்து மணி. வெயில் சற்றுத் தணிந்ததும் மேலூரின் தெருக்களில் ஸ்டம்புகள் முளைத்துவிடும். செங்கல்லோ, பிளாஸ்டிக் நாற்காலியோ, சுவரில் கரிக்கோடோ, ஏதோ ஒன்று. மட்டை கிடைக்காவிட்டால் தென்னை மட்டையைச் சீவி எடுத்துக்கொள்வார்கள். மூன்று வயதுக் குட்டி ஒன்று ஓரமாக நின்று ஏங்கிக்கொண்டிருக்கும்.

"அண்ணே, நானும் வாரேன்!"

"நீ திண்ணையில உக்காரு. பந்து பட்டா அழுவ. அப்புறம் அம்மா என்னையத்தான் வையும்."

குட்டியின் அழுகை வீட்டுக்குள் கேட்கும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மா, பழைய சாக்ஸ் ஒன்றில் துணித் துண்டுகளை அடைத்து, வாயைத் தைத்து, ஒரு பந்து செய்து கொடுப்பார். அழகுக்கு இரண்டு சட்டைப் பட்டன்களைக் கண்களாக வைத்துச் சிரிக்கும் முகமும் போடுவார். குட்டிக்கு ஒரே குஷி!

மறுநாள் காலையில் பார்த்தால் பந்துக்கு ஒரு கண்தான் இருக்கிறது. இன்னொரு பட்டன் எங்கே? பாயை உதறி, கட்டிலுக்கு அடியில் குனிந்து, குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து... பட்டன் கதவு இடுக்கில் கிடைக்கும்வரை அந்த வீட்டில் யாருக்கும் உயிர் இருக்காது.

பட்டன் கிடைத்துவிட்டால் நிம்மதி. ஆனால் பந்து மெத்தென்று இருந்தாலே பாதுகாப்புதான் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தவறு என்பது அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். மென்மையான பந்து, மட்டை, வளையம் எல்லாம் சிறு குழந்தைகளுக்கு அவசியம்தான். அவற்றை எப்படிச் செய்வது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

பந்தைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்புகிறது குழந்தை?

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்கள் ஆடும் கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம். மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் டென்னிஸ் பந்து பட்டாலே வலிக்கும். கார்க் பந்து பட்டால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை பந்து வரும்போது குழந்தை கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடும். பந்தைக் கடைசிவரை கண்ணால் பார்ப்பதுதான் பிடிப்பதற்கான முதல் பாடம். பயந்த குழந்தைக்கு அந்தப் பாடம் ஏறாது. "இவனுக்கு விளையாட்டே வராது" என்று பெரியவர்கள் முடிவு கட்டுவார்கள். கையில் கொடுத்த பந்துதான் தப்பாக இருந்திருக்கும்.

வயதும் முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதில் பந்தைக் காலால் உதைக்கும். பெரிய பந்தைப் பெரும்பாலும் தவறவிடாமல் பிடிக்க நான்கு வயதாகிவிடும். அதனால் குட்டிகளுக்கான பந்து மூன்று விதத்தில் மாற வேண்டும்: எடை குறைய வேண்டும், அளவு பெரிதாக வேண்டும், வேகம் குறைய வேண்டும். மெதுவாக வரும் பெரிய பந்தைப் பார்க்கவும் யோசிக்கவும் கையை நீட்டவும் குழந்தைக்கு நேரம் கிடைக்கும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதைத்தான் செய்தது. சிறுவர்களுக்காகச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று நிலைப் பந்துகளை அறிமுகப்படுத்தியது. வழக்கமான மஞ்சள் பந்தைவிடச் சிவப்பின் வேகம் சுமார் 75 சதவிகிதம் குறைவு. ஆரஞ்சு 50, பச்சை 25 சதவிகிதம் குறைவு. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் இந்த மெதுவான பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

நமக்கு இது புதிதல்ல!

மென்மையான பந்து வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நூலை வரிந்து சுற்றிய பந்தைப் பெண்கள் ஆடியது சங்க இலக்கியத்திலேயே வருகிறது. பனை ஓலையைப் பின்னிப் பந்து செய்து ஆடிய தாத்தா, பாட்டிகள் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருப்பார்கள்.

அட, நம் பள்ளிகளில் ஆடும் பூப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் 1856-லேயே ஆடியதாகச் சொல்லப்படும் விளையாட்டு இது. இறகுப் பந்து காற்றில் திசைமாறிப் போய்விடும். திறந்தவெளியில் ஆட வசதியாக இங்கே மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்து வந்தது. குறுக்களவு சுமார் 5 செ.மீ. எடை வெறும் 27 முதல் 30 கிராம். அதாவது டென்னிஸ் பந்தில் பாதி. பெரிய மைதானமோ, விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் கிராமத்துப் பள்ளிகளில் இது வேரூன்றியதற்கு, மேலே பட்டாலும் பெரிதாக வலிக்காத அந்தப் பந்தும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் இதே யோசனை வேறு வழியில் வந்தது. ரெய்ன் கையர் என்ற பொம்மை வடிவமைப்பாளரும் அவரது குழுவினரும் 1960-களின் கடைசியில் குகை மனிதர் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காக நுரைப் பஞ்சில் 'கல்' வெட்டி ஒருவர் மீது ஒருவர் எறிந்து பார்த்தார்கள். விளையாட்டைவிடக் கல் எறிவதுதான் ஜாலியாக இருந்தது! கல் பந்தானது. ஒரு நிறுவனம் வேண்டாம் என்று சொல்ல, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை 1970-ல் 'நெர்ஃப்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமார் 10 செ.மீ. அகலமுள்ள அந்த நுரைப் பந்து வீட்டுக்குள் எறிந்தாலும் எதையும் உடைக்காது என்பதுதான் விளம்பரமே.

இரண்டு ஆண்டுகள் கழித்து நெர்ஃப் கால்பந்து வந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃப்ரெட் காக்ஸும் அவரது நண்பரும் கொடுத்த யோசனை அது. கனமான பந்தை உதைத்துச் சிறுவர்களின் கால் நோகக் கூடாது என்பதுதான் அவர்களின் கவலை.

மென்மைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்துகள்

பந்து அடிபட்டு ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது வாய். அந்த வயதில் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் அளவுதான். எனவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அளவு: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பந்து 44.5 மி.மீ. வட்டத் துளை வழியாக நுழையக் கூடாது என்கிறது சர்வதேசத் தரம். டேபிள் டென்னிஸ் பந்தின் அகலம் 40 மி.மீ.தான். அதாவது அந்தப் பந்துகூட இந்தச் சோதனையில் தோற்றுவிடும்! வீட்டில் சோதிக்கத் தையல் டேப் போதும். பந்தைச் சுற்றி அளந்தால் 14 செ.மீ.க்கு, அதாவது ஐந்தரை அங்குலத்துக்கு, மேல் இருக்க வேண்டும். மென்மையான பந்து அமுங்கும் என்பதால் இந்த அளவும் போதாது. சுற்றளவு 30 செ.மீ. இருந்தால் கவலையே இல்லை. இரண்டு கையால் பிடிக்கவும் அதுதான் வசதி.

சின்னப் பாகங்கள்: பட்டன், மணி, ஒட்டிய கண், பிளாஸ்டிக் மூடி எதுவும் வேண்டாம். தரச் சோதனைக் கூடத்தில் 31.7 மி.மீ. அகலமுள்ள சிறிய உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் இந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து என்று கணக்கு. நீங்களும் செய்யலாம். 5.7 செ.மீ. உயரமுள்ள அட்டையை உள்சுற்று 10 செ.மீ. வரும்படி சுருட்டி ஒட்டுங்கள். அதற்குள் அடங்குகிற பொருளைக் குட்டியின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தையல்: மென்மையான பொம்மையில் முதலில் விட்டுப்போவது தையல்தான். சோதனையில் தையலைச் சுமார் 7 கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். 7 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியைத் தூக்கும்போது கையில் தெரியும் இழுப்பு அது. பந்தின் தையலை இருபுறமும் பிடித்து வலுவாக இழுங்கள். உள்ளே பஞ்சு எட்டிப்பார்த்தால் அந்தப் பந்து வேண்டாம்.

உள்ளே இருப்பது: தெர்மாக்கோல் மணி, விதை, நெல், சிறு கூழாங்கல் எதையும் அடைக்கக் கூடாது. தையல் பிரிந்தால் அத்தனையும் வாய்க்கும் மூக்குக்கும் போகும். மூடாத நுரைப் பந்தையும் பல் முளைத்த குட்டி கடித்துப் பிய்க்கும். மூன்று வயதுவரை நுரைக்கு மேல் துணி உறை கட்டாயம்.

மென்மையான பிளாஸ்டிக்: பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்கத் தாலேட் என்ற வேதிப்பொருட்களைச் சேர்ப்பது வழக்கம். சிலவகைத் தாலேட்கள் உடலின் ஹார்மோன் சமநிலையைக் கெடுக்கக்கூடியவை என்பதால் பொம்மைகளில் 0.1 சதவிகிதம் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். இதை வீட்டில் சோதிக்க முடியாது. முத்திரை இல்லாத, கடுமையாக வாடை அடிக்கும், பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் பந்தை வாங்காமல் இருப்பதே வழி.

கயிறு: எலாஸ்டிக் கட்டிய பந்து திருவிழாக் கடைகளில் தொங்கும். அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் கயிறு 22 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. கயிறே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

மின்னும் பந்து: தரையில் தட்டினால் ஒளிரும் பந்துக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஏற்படும். பந்து விரிசல் விட்டால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

பலூன்: இதைவிட மென்மையான பந்து ஏது என்று தோன்றும். ஆனால் வேறெந்தப் பொம்மையையும்விட, ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் அடைத்துத்தான் அதிகக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. பலூன் விளையாட்டு பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும்.

கடையில் வாங்கும்போது...

இந்தியத் தரக் கவுன்சில் 2019-ல் டெல்லி, சுற்றுவட்டாரக் கடைகளில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவிகிதம் தோற்றன. இதைத் தொடர்ந்து 2020-ல் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டுத் தயாரிப்புக்கும் இறக்குமதிக்கும் ஒரே விதிதான்.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரப் பொம்மை என்றால் 15644. முத்திரைக்குக் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். உங்கள் போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். பெரியவர்கள் ஆடும் நிஜ விளையாட்டுப் பொருட்கள் பொம்மைத் தரத்துக்குள் வராது. அண்ணனின் டென்னிஸ் பந்தும் பூப்பந்தும் குட்டியின் வாய்க்காகச் சோதிக்கப்பட்டவை அல்ல. கம்பளி இழை பிரிந்து வாயில் போகலாம். எனவே பூப்பந்தைப் பள்ளி வயதுக்குப் பிறகு கொடுங்கள்.

வீட்டிலேயே தைக்கலாம் வாங்க!

தையல் மெஷின் இருக்கிற வீட்டில் ஒரு மணி நேர வேலைதான். 10 செ.மீ. அகலமுள்ள பந்துக்கு இதோ அளவு:

• நெருக்கமாக நெய்த பருத்தித் துணி எடுங்கள். முதலில் துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். மதுரைச் சுங்குடியில் மிச்சம் இருந்தால் அதையும் இப்படிச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

• இரண்டு முனையும் கூராக, நடுவில் அகன்ற இலை வடிவத்தில் ஆறு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம், நடுவில் 5 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலம். தையலுக்காகச் சுற்றிலும் 1 செ.மீ. விடுங்கள்.

• ஆறையும் உள்பக்கமாக இணைத்து, ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை ஓட்டுங்கள். கடைசி ஓரத்தில் பஞ்சு அடைக்கும் அளவுக்கு மட்டும் வாய் விடுங்கள்.

• பஞ்சை நேரடியாக அடைக்காமல், தனியாக ஓர் உள்பை தைத்து அதில் அடைத்து, வாயைத் தைத்து உள்ளே வையுங்கள். மேல் தையல் பிரிந்தாலும் பஞ்சு வெளியே வராது.

• போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சு லேசானது. ஆனால் துவைத்தால் கட்டி தட்டிவிடும், இழையும் மெல்லியது. அடிக்கடி எச்சில் படும் பந்துக்குத் துவைக்கக்கூடிய பாலியஸ்டர் பஞ்சு நல்லது.

• ஆறு முனைகளும் கூடும் இரண்டு இடங்கள்தான் பந்தின் பலவீனம். அங்கே வட்டத் துணி வைத்துச் சுற்றிலும் தைத்துவிடுங்கள். கண்ணும் வாயும் வேண்டுமா? நூலில் எம்பிராய்டரி போடுங்கள்.

மட்டைக்கும் இதே கணக்குதான். தென்னை மட்டையில் சிலாம்பு இருக்கும், கனமும் அதிகம். பி.வி.சி. குழாய்க்கு மேல் நுரை சுற்றினால், நாளடைவில் குழாய் நுனி வெளியே வந்து கண்ணைக் குத்தும். துணியைச் சுருட்டித் திணித்து, நுனி அகலமாகவும் உருண்டையாகவும் வரும்படி தைத்த சிறு மட்டை போதும். நுனி மெலிந்து இருந்தால், ஓடும்போது விழுகிற குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

வாரம் ஒருமுறை தையலை இழுத்துப் பாருங்கள். துவைத்து, வெயிலில் முழுசாக உலர்த்துங்கள். பிரிந்த பந்தைத் 'தம்பிக்குப் போதும்' என்று தள்ளிவிடாதீர்கள்.

வீட்டுக் குழந்தைக்குத் தைப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நன்றாக வந்திருக்கிறதே, விற்கலாமே என்று தோன்றினால் ஐ.எஸ்.ஐ. உரிமம் வேண்டும். மத்திய அரசின் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களின் பொருட்களுக்கும், புவிசார் குறியீடு பெற்றவர்களின் பொருட்களுக்கும் விலக்கு இருக்கிறது. மகளிர் குழுவாகத் தைக்க நினைப்பவர்கள் துணி வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

தொண்டையில் அடைத்துவிட்டால்...

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பலமாக இருமினால் இருமட்டும். சத்தம் வராமல் திணறினால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தையை முன்புறம் குனிய வைத்து ஐந்து முறை முதுகில் தட்டுங்கள். பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும்.

இனி அந்த மேலூர் வீட்டுக்குத் திரும்புவோம். ஒற்றைக் கண் பந்து குப்பைக்குப் போகட்டும். மெஷினில் ஆறு இலைகள் சேர்ந்து புதுப் பந்து ஒன்று உருண்டு வரட்டும். நூலில் கண், நூலில் சிரிப்பு. அம்மா ஒருமுறை டேப்பால் சுற்றி அளந்து, தையலை வலுவாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

தெருவில் அண்ணன் கையைத் தாழ்த்தி மெதுவாக எறிவான். பந்து மூக்கில் பட்டு விழும். குட்டி ஒரு நொடி யோசிக்கும். வலிக்கவில்லையே!

"அண்ணே, இன்னொரு தடவ!"